பல் கட்ட வந்த பிள்ளை

என் மகன் அமெரிக்காவிலிருந்து வருகிறேன் என்று போனில் சொன்னபோது, எதற்கு வருகிறாய் என்று நான் கேட்கவில்லை. பிள்ளை தாயைப் பார்க்க வருவதற்குக் காரணம் கேட்பார்களா? தெருவில் கேட்டவர்களிடமும், "என்னைப் பாக்கத்தான் வரான், வேற இன்னா" என்றே சொன்னேன்.

என் வீடு ஓரகடம் கூட்ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. நிலம் இருந்த இடத்தில் இப்போது கம்பெனிச் சுவர். மிச்சமிருந்த மனையில் வரிசையாக அறைகள் கட்டி, கம்பெனியில் வேலை செய்யும் பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். யாரிடமும் கை நீட்டாமல் சாப்பிடுகிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காசுக்காகக் கிழவி புலம்புகிறாள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

என் வீட்டுக்காரர் செத்தபோது மகனால் வர முடியவில்லை. அங்கே அவனுக்கு ஏதோ காகிதம் மாறிக்கொண்டிருந்ததாம். அந்த நேரத்தில் நாட்டை விட்டு வெளியே வந்தால் திரும்ப உள்ளே விட மாட்டார்களாம். போனில் பார்த்தான். பாடை தூக்கும் நேரத்தில் போனைப் பிடித்துக்கொண்டிருந்தவன் கை வலித்து இறக்கிவிட்டான். அப்போது என் மகன் பார்த்திருந்தால் எங்கள் வாசல் மண்ணைத்தான் பார்த்திருப்பான்.

கொள்ளி வைத்தது என் கொழுந்தன் மகன். கொழுந்தன் முன்பே போய்விட்டார். அந்தப் பையனும் அவன் அம்மாவும் இரண்டு தெரு தள்ளி இருக்கிறார்கள். கார் கம்பெனியில் காண்டிராக்டில் இருக்கிறான். நாள் முழுக்க ஒரே இடத்தில் நின்று போல்ட் முடுக்குகிற வேலை. கொள்ளி வைத்தவன்தான் வருஷா வருஷம் படையலும் போட வேண்டும் என்பதால், மாசி மாதத்தில் அவர் செத்த நாளுக்கு லீவு போட்டுவிட்டு வருவான். லீவு போட்டால் அந்த மாதம் ஒழுங்காக வந்தவர்களுக்குத் தருகிற காசு அவனுக்குக் கிடையாது. அதை அவன் ஒரு நாளும் என்னிடம் சொன்னதில்லை. அவன் அம்மா சொல்லுவாள்.

எங்கள் குடும்பத்தில் படையலுக்கு ஒரு வழக்கம் உண்டு. செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துத் தலைவாழை இலையில் வைப்போம். உச்சி வேளையில் பிள்ளை கற்பூரம் காட்ட வேண்டும். காக்கைக்கு வைத்த பிறகு, அந்த இலையில் உட்கார்ந்து பிள்ளைதான் சாப்பிட வேண்டும். அவன் கை நனைக்கும் வரை வீட்டில் யாரும் வாயில் பச்சைத் தண்ணீர் விட மாட்டார்கள். அவன் சாப்பிட்டால்தான் செத்தவர் சாப்பிட்டதாகக் கணக்கு. என் வீட்டுக்காரருக்கு ஆட்டு நெஞ்செலும்பு வேண்டும், வறுத்த கருவாடு வேண்டும். கடித்து, உடைத்து, உறிஞ்சிச் சாப்பிடுகிற மனிதர். கடைசி வரைக்கும் அவர் பல்லில் ஒன்றுகூட ஆடவில்லை. முன்பல் இரண்டுக்கும் நடுவே ஒரு நெல் நுழைகிற அளவு இடைவெளி இருக்கும். அவர் தம்பிக்கும் அப்படித்தான். என் மகனுக்கும் அது வந்தது. பெண் பார்க்க வந்த அன்று அவர் சிரித்தபோது நான் முதலில் பார்த்தது அதைத்தான்.

எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மகன் பிறந்ததிலிருந்தே ஒவ்வொன்றாக ஆடிப் போயிற்று. இப்போது மேலே ஈறுதான். கீழே ஓரத்தில் இருப்பதைப் பல் என்று சொல்வது மரியாதைக்குத்தான். ரசத்தில் சோற்றைக் கரைத்துக்கொள்வேன். யாரிடமும் குறைப்பட்டதில்லை.

மகன் வர வேண்டும் என்று வல்லக்கோட்டை முருகனுக்கு வேண்டியிருந்தேன். அவன் இந்த வீட்டு வாசற்படியை மிதித்தால், வெறுங்காலோடு நடந்து வந்து பால்குடம் எடுக்கிறேன் என்று. அவன் வந்து இறங்கி, களைப்பில் தூங்கிவிட்டான். நான் விடியுமுன்னே கிளம்பிவிட்டேன். இந்த வயதில் நடக்க முடியாது என்று வழியில் பார்த்தவர்கள் சொன்னார்கள். நடந்தேன். கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புழுதியை என் மேல் தள்ளிக்கொண்டு போயின. குடத்தைச் சிந்தாமல் கொண்டுபோய்ச் சேர்த்தேன். திரும்பும்போது ஆட்டோவில் வந்தேன். திருநீறும் கையுமாக வீட்டுக்குள் நுழைகிறேன், அவன் குளித்து உடுத்தி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான்.

"எங்கம்மா போயிட்ட? பத்து மணிக்கு எனக்கு ஸ்ரீபெரும்புதூர்ல அப்பாயின்ட்மென்ட்."

"இன்னாடா அப்பாயின்ட்மென்டு?"

"பல்லுக்கு. அதுக்குத்தானம்மா வந்தேன். சொல்லலையா உன்கிட்ட?"

வாயைத் திறந்து காட்டினான். கடைவாயில் இரண்டு பக்கமும் பொக்கை. முன்னாலும் ஒன்று பாதியாக உடைந்து கறுத்திருந்தது. சின்ன வயதில் கரும்பை ஒரே கடியில் முறித்த வாய்.

"அங்க ஒரு பல்லுக்குக் கேக்கற காசுல, இங்க டிக்கெட் போட்டு வந்து, எல்லாப் பல்லையும் கட்டிக்கிட்டு, உன்னையும் பாத்துட்டுப் போயிடலாம்" என்றான். சந்தோஷமாகத்தான் சொன்னான். என்னைக் கடைசியில் சேர்த்துக்கொண்டான்.

திருநீற்றை அவன் நெற்றியில் பூசினேன். முருகனிடம் கொடுத்ததைத் திருப்பிக் கேட்க முடியாது. அவரும் ஏமாற்றவில்லை. வாசற்படியை மிதிக்கட்டும் என்றுதான் கேட்டேன், மிதித்தான். எதற்காக மிதிக்க வேண்டும் என்பதை நான் வேண்டுதலில் சேர்க்கவில்லை.

நானும் கூடப் போனேன். அந்த ஆஸ்பத்திரி பெரிய ரோட்டின் மேலேயே இருக்கிறது. முழுக்கக் கண்ணாடி. பெயர்ப் பலகையில் இங்கிலீஷ் பெரிதாக, கொரியாக்காரர் எழுத்து அதற்குக் கீழே, தமிழ் எங்கேயோ மூலையில். நான் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் கதவு தானாகத் திறந்துகொண்டது. உள்ளே குளிர். கம்பெனிகளில் வேலை செய்ய வந்த கொரியாக்காரர்கள் பிள்ளை குட்டிகளோடு உட்கார்ந்திருந்தார்கள். என் மகன் மாதிரி வெளிநாட்டிலிருந்து பெட்டியோடு வந்தவர்களும் இருந்தார்கள். எங்கள் ஊர்க்காரர் என்று பார்த்தால் தரை துடைக்கிற பெண் ஒருத்தி. என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

டாக்டர் சின்னப் பெண். பொறுமையாகச் சொன்னாள். தாடை எலும்பில் துளை போட்டுத் திருகாணியை இறக்குவார்களாம். எலும்பு அதைப் பிடித்துக்கொள்ள சில மாதங்கள் ஆகுமாம். அப்புறம் வந்தால் அதன் மேல் பல்லை வைத்து மூடுவார்களாம். கையில் ஒரு பிளாஸ்டிக் தாடையை வைத்துத் திருகாணியை முடுக்கிக் காட்டினாள். எனக்குக் கொழுந்தன் மகன் ஞாபகம் வந்தது. அவனும் நாள் பூராவும் இதைத்தானே செய்கிறான்.

பேசி முடித்துவிட்டு அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள்.

"பாட்டி, உங்களுக்கும் பாக்கலாமா? மேல ஒண்ணுமே இல்ல போலிருக்கே."

நான் வாயைத் திறப்பதற்குள் என் மகன் சொன்னான்: "அவங்களுக்கு இந்த வயசுல எதுக்கு டாக்டர். பழகிடுச்சு அவங்களுக்கு."

போனைப் பார்த்துக்கொண்டே சொன்னான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்ததனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

"எனக்கு ஈறே பல்லு மாதிரி கீதும்மா" என்றேன். "நீ அவனைப் பாரு."

கன்னம் வீங்கி வீட்டுக்கு வந்தான். வெறும் நீராகாரம், அதுவும் ஆறினது, என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவனுக்காக வாங்கி வைத்திருந்த நாட்டுக்கோழியை அறையிலிருக்கும் பையன்களுக்குக் குழம்பு வைத்துக் கொடுத்துவிட்டேன். அவனுக்குக் கஞ்சி காய்ச்சி, ஆற்றி, வடிகட்டி வைத்தேன். எனக்கும் அதே கஞ்சி. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து குடித்தோம். அது ஒன்றுதான் அந்தத் தடவை எனக்குக் கிடைத்தது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஊருக்குப் போகிற அன்று கேட்டேன்.

"திரும்பி வரணும்னு சொன்னாங்களே, அத மாசியில வச்சுக்கோடா. உங்கப்பாவுக்குப் படையல் அன்னிக்கு நீ கற்பூரம் காட்டு. ஒரு தடவ. நீ இன்னும் ஒரு தடவ கூட காட்டல."

அவனுக்குக் கண் கலங்கின மாதிரி இருந்தது. வீக்கத்தில் சரியாகத் தெரியவில்லை.

"வரேம்மா. அதுக்கேத்த மாதிரியே டிக்கெட் போடறேன்."

இந்த வார்த்தையை வைத்துக்கொண்டு நான் கொழுந்தன் வீட்டுக்குப் போனேன். என் ஓரகத்தி முற்றத்தில் மிளகாய் காய வைத்துக்கொண்டிருந்தாள். பையன் ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டு அப்போதுதான் எழுந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"இந்த வருஷம் நீ லீவு போட வாணாம்பா" என்றேன். "என் புள்ள வரான். அவன் காட்டுவான்."

பையன் டம்ளரை வைத்துவிட்டு, "சரி பெரிம்மா, நல்லதுதானே" என்றான். அவன் அம்மா விடுவாளா?

"ஆமாமா, சொந்தப் புள்ள காட்னாதான் அவரு வாங்குவாரு. இத்தினி வருஷமா அவரு பட்டினிதான் கெடந்தாரு போல."

"நான் இன்னா சொன்னேன், நீ இன்னா பேசற?"

"நான் ஒண்ணும் பேசலக்கா. அமெரிக்காக்காரன் வரட்டும். இலையப் பெருசா பாத்து வாங்கு."

மாசி வந்தது. மகனும் ஒரு வாரம் முன்பே வந்தான். இந்தத் தடவை வீட்டில் தங்கவில்லை. பல் அளவெடுப்பது, வைத்துப் பார்ப்பது என்று தினமும் போக வேண்டுமாம். ஆஸ்பத்திரிக்காரர்களே விமான நிலையத்துக்கு வேன் அனுப்பி, எதிரிலிருந்த லாட்ஜில் ரூமும் போட்டுக் கொடுத்துவிட்டார்களாம். எல்லாம் சேர்த்துத்தான் காசு வாங்கியிருக்கிறார்களாம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து என் வீட்டுக்கு பஸ் ஏறினால் ஒரு பாட்டு கேசட் முடிவதற்குள் வந்துவிடலாம். ஒரு நாள் சாயங்காலம் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போனான். "படையலுக்குக் காலையிலேயே வந்துடறேன், அன்னிக்கு ராத்திரிதான் ஃபிளைட்" என்றான். புது வேட்டி எடுத்து வைத்திருப்பதைக் காட்டினேன். தொட்டுப் பார்த்தான்.

அன்று காலையில் எல்லாம் நானே சமைத்தேன். நெஞ்செலும்பை அடுப்பில் வைத்திருந்தபோது போன் வந்தது.

"அம்மா, லேப்ல இருந்து பல்லு நேத்து வரலம்மா. இப்பத்தான் வந்திருக்கு. இன்னிக்கு வச்சாத்தான் உண்டு. பதினோரு மணிக்குள்ள முடிச்சிடுவாங்க. கார்ல வந்துடறேன்."

"உச்சிக்குள்ள வந்துடுவியா?"

"வந்துடுவேம்மா."

பங்காளிகள் வந்து உட்கார்ந்தார்கள். ஓரகத்தியும் வந்தாள், நல்ல புடவையில். இலை போட்டேன். எல்லாவற்றையும் வைத்தேன். கருவாட்டின் மேல் ஈ உட்காராமல் முந்தானையால் விசிறிக்கொண்டே இருந்தேன். வெயில் தலைக்கு மேலே வந்து நின்றது. பங்காளி வீட்டுப் பெரியவர் ஒருவர், சர்க்கரை வியாதிக்காரர், வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். நான் போன் போட்டேன். மகன் எடுக்கவில்லை. வாயில் வேலை நடக்கும்போது எப்படி எடுப்பான்? இன்னொரு தடவை போட்டபோது ஒரு பெண் எடுத்து, "சார் சேர்ல இருக்காரு மேடம், இன்னும் டைம் ஆகும்" என்றாள்.

நிழல் சாய ஆரம்பித்தது. காக்கைகள் சுவர் மேல் வந்து கத்திவிட்டுப் போய்விட்டன.

"பெரியவரு மயக்கம் போட்டு வுழப்போறாரு" என்றாள் ஓரகத்தி. "அவருக்கும் சேத்து படையல் போட்டுடலாமா?"

யாரோ சிரித்தார்கள். நான் இலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். குழம்பின் மேல் கொழுப்பு படிந்து வெள்ளையாகிவிட்டது. அவர் உயிரோடு இருந்த காலத்தில் இப்படி ஆறிப்போனதை ஒரு நாளும் அவருக்கு வைத்ததில்லை.

அந்த நேரத்தில்தான் ஃபர்ஸ்ட் ஷிப்ட் பஸ் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. கொழுந்தன் மகன் கம்பெனிச் சட்டையோடு, கழுத்தில் அட்டை தொங்க, அவன் அம்மாவைக் கூட்டிப்போக வந்தான். கேட்டுக்கு வெளியே நின்றான். உள்ளே எல்லாரும் உட்கார்ந்திருப்பதையும், இலை அப்படியே இருப்பதையும் பார்த்துவிட்டான். அவனுக்கு விளங்காமல் இல்லை. ஆனால் உள்ளே வரவில்லை. வர வேண்டாம் என்று சொன்னவள் நான். நான் கூப்பிடாமல் அவன் எப்படி வருவான்? அவனுக்கும் ரோஷம் இருக்காதா?

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஓரகத்தி ஒன்றும் பேசவில்லை. அவள் பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நான் எழுந்து கேட்டுக்குப் போனேன்.

"வாப்பா" என்றேன். "உங்க பெரிப்பா காத்துக்கினு கீறாரு."

"சட்டையெல்லாம் ஆயிலா கீது பெரிம்மா."

"அவரு இன்னா, பாக்காத ஆயிலா? வா."

குழாயடியில் கை கால் கழுவினான். என் மகனுக்கு எடுத்து வைத்திருந்த வேட்டியைக் கொடுத்தேன். கட்டிக்கொண்டு வந்து கற்பூரம் காட்டினான். காக்கைக்கு வைத்தான். கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை, பிறகு ஒன்று வந்து எடுத்தது. இலையில் உட்கார்ந்து நெஞ்செலும்பை எடுத்துக் கடித்தான். வலது பக்கமாகவே கடித்தான். எலும்பு உடைகிற சத்தம் கேட்டது. இந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்டு வெகு நாளாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அவன் வருஷா வருஷம் உடைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான். நான் காது கொடுக்கவில்லை.

"இன்னாடா ஒரு பக்கமாவே மெல்ற?" என்று பெரியவர் கேட்டார்.

"அந்தப் பக்கம் பல்லு போயிடுச்சு தாத்தா. தர்மாஸ்பத்திரில புடுங்கினு வந்தேன்."

"ரோட்டு மேல அவ்ளோ பெரிய ஆஸ்பத்திரி கீதே, அங்க போய்க் கட்டிக்கிறதுதானே?"

"போனேன். கேட்டுட்டு வந்துட்டேன்" என்று சிரித்தான். அவன் அம்மா சொன்னாள்: "அங்க அமெரிக்காலருந்து வர்றவங்களுக்குத்தான் மலிவு. இங்க கீறவனுக்கு மலிவா கட்டணும்னா எந்த நாட்டுக்குப் போறதுன்னு தெரியல."

என் மகன் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தான். காரை ஓட்டி வந்தவர் வண்டியை அணைக்கவில்லை. மகனின் உதடு ஒரு பக்கம் மரத்துப் போய்த் தொங்கியது.

"ஸாரிம்மா. ரொம்ப லேட் பண்ணிட்டாங்க. எப்படி இருக்கு, பாரு."

சிரித்துக் காட்டினான். வெள்ளை வெளேரென்று, குளியலறையில் ஓடு பதித்த மாதிரி ஒரே வரிசை.

"நடுவுல சந்து இருக்குமே, எங்கடா?"

"அதையும் மூடச் சொல்லிட்டேன். நீட்டா இருக்குல்ல?"

"இருக்கு" என்றேன்.

உள்ளே எட்டிப் பார்த்தான். இலை இருந்த இடத்தைத் துடைத்துக் கோலம் போட்டிருந்தேன்.

"படையல் முடிஞ்சுதா? யார் காட்டினா?"

"புள்ளதான் காட்டிச்சு."

"எந்தப் புள்ள?"

"வந்த புள்ள."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். கோபித்துக்கொள்ளட்டும் என்றுதான் சொன்னேன். கோபித்துக்கொள்ளவில்லை. காரிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து வந்து கொடுத்தான். அமெரிக்காவிலிருந்தே கொண்டு வந்தானாம். கையில் பிடித்து அரைக்கிற மெஷின். சோறு, கறி எதைப் போட்டாலும் கூழாக்கிவிடுமாம்.

"உனக்கு மெல்ல கஷ்டமா இருக்கும்ல. நீ இத வச்சு அரைச்சு சாப்பிடு."

இலையில் வைத்த அதிரசம் இரண்டைத் தட்டில் வைத்து நீட்டினேன். "டாக்டர் கொஞ்ச நாளைக்குக் கடிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கம்மா" என்றான். என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். கார் போய்விட்டது. அதிரசத்தைப் பாலில் ஊற வைத்து நான் சாப்பிட்டேன்.

அந்த மெஷினின் பிளக் தட்டையாக இருக்கிறது, எங்கள் வீட்டு ஓட்டையில் நுழையாது. அறையிலிருக்கும் பையன் ஒருவனிடம் காட்டினேன். அந்த நாட்டுக் கரண்டே வேறு, செருகினால் எரிந்துவிடும் என்றான். அலமாரி மேல் பெட்டியோடு இருக்கிறது. மகன் போனில் கேட்கும்போதெல்லாம், "அதுலதான் அரைக்கிறேன், நல்லா கீது" என்று சொல்லுகிறேன். அவனும் சந்தோஷப்படுகிறான். போனில் அவன் முகம் தெரியும்போது நான் பல்லைத்தான் பார்க்கிறேன். நன்றாகக் கட்டியிருக்கிறார்கள், குறை சொல்ல முடியாது. இனிமேல் அவன் பல்லுக்காக இங்கே வர வேண்டியிருக்காது.

வல்லக்கோட்டைக்கு அதற்குப் பிறகும் போனேன். கும்பிட்டேன். ஒன்றும் கேட்கவில்லை.

போன வாரம் கொழுந்தன் மகன் வந்தான். மாசி நெருங்குகிறது. லைனில் ஆள் மாற்ற வேண்டுமாம், லீவு வேண்டுமென்றால் சூப்பர்வைசரிடம் முன்னாலேயே சொல்ல வேண்டுமாம். வாசலிலேயே நின்றுகொண்டு கேட்டான்.

"பெரிம்மா, இந்த வருஷம் லீவு போடட்டா, வாணாமா? அண்ணன் வர்றாரா?"

"நீ போடு" என்றேன்.

"அப்புறம் வாணாம்னு சொல்லக் கூடாது. அந்தாளு என்னைக் கத்துவான்."

"சொல்ல மாட்டேன். போடு."

சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தான். முன்பல் இரண்டுக்கும் நடுவே ஒரு நெல் நுழைகிற இடைவெளி. இடது பக்கம் இன்னொரு பல்லும் ஆடுகிறது என்று அவன் அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள்.